அக்காவின் ரிக்கார்டும் என் மகளின் முகூர்த்தமும்

மாரியம்மன் பாதம் பணிந்து எழுதுகிறேன்.

இதை எழுதப் பல வருடமாகத் தயங்கினேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது, நமக்கு எழுத வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் பயம். அக்கா உயிரோடு இருந்தவரை அவர்கள் எழுதவிடவில்லை என்று சொல்லலாம். அவர்கள் போன பிறகும் எழுதாமல் இருந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பு.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வேலை பார்க்கும் சிவகாசி அச்சாபீசிலேயே ஒரு சின்ன நினைவு மலர் அடித்துக் கொடுத்தோம். அதில் அக்கா நல்லவர், உழைப்பாளி, பக்தி உள்ளவர் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்த எங்கள் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், அந்த மலரை மடித்து மடியில் வைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “நல்ல பொம்பளதான். அந்தக் கல்யாணத்துல மட்டும் அப்படிச் செஞ்சிருக்க வேண்டாம்.”

சொம்பில் தண்ணீரோடு நான் அவருக்குப் பின்னால்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வருஷத் திவசத்துக்குள் எழுதிவிடுவேன் என்று அன்று அம்மனிடம் சொல்லிக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சாத்தூர் பக்கம் அச்சங்குளம். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். மழை பெய்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. அக்கா மூத்தவர். எனக்கும் அவர்களுக்கும் பத்து வயது வித்தியாசம். ஐந்தாம் வகுப்பு முடித்ததும் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனார்கள். கை வேகம் அப்படி. நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன சட்டை அவர்கள் சம்பளத்தில் எடுத்ததுதான்.

சாத்தூரில் ரேடியோ செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக், ஒரு ரிக்கார்டு பிளேயர், இரண்டு தகரப் பெட்டி நிறைய ரிக்கார்டு. அவ்வளவுதான் கடை. பிள்ளைகள் இல்லை. பதினொரு வருடம் வாழ்ந்தார்கள். அத்தான் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார்.

அத்தானின் தம்பிமார் செட்டை விற்றுவிடச் சொன்னார்கள். “பொம்பள எப்படி ரேடியோ செட்டு போடுவா?” என்றார்கள். அக்கா, “இத்தன நாளும் அவுக சாப்பிடப் போறப்ப யாரு போட்டா? நாந்தானே போட்டேன்,” என்றார்களாம். விற்கவில்லை. மரத்தில் ஏறிக் குழாய் கட்ட மட்டும் ஒரு கூலி ஆளை வைத்துக்கொண்டு, மற்ற எல்லா வேலையும் தானே பார்த்தார்கள்.

அக்கா பொறுமைசாலி என்று எழுதுவது வழக்கம். பொறுமைசாலி இல்லை. ரிக்கார்டை விரல் பதியப் பிடித்தால் கையில் அடி விழும். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் பாட்டை மாற்றச் சொல்லி ஊசியைத் தானே தூக்கப் போனபோது, “உங்க வீட்டுச் சட்டியில நான் வந்து கரண்டியப் போட்டேனாய்யா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டவர்கள். காப்பி கொடுத்தால் அரை டம்ளர்தான் கொடுப்பார்கள். ஆனால் அமாவாசைக்கும் வெள்ளிக்கும் விரதம் தவறியதில்லை. செட்டைப் போட்டால் முதல் பாட்டு அம்மன் பாட்டுத்தான்.

அந்த ரிக்கார்டு பிளேயரைச் சரியான வேகத்தில் ஓட வைப்பதில் அக்காவுக்கு இருந்த கவனத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

ரிக்கார்டு வைக்கும் தட்டுக்கு அடியில் ஒரு மோட்டாரும், அந்த மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரமும் இருக்கும். ரப்பரில் எண்ணெய் பட்டாலோ, நாளாகி மினுமினுப்பு ஏறினாலோ வழுக்கும். வழுக்கினால் தட்டு மெதுவாகச் சுற்றும். பாடுகிறவர் குரல் தொண்டை கட்டினதுபோல் இறங்கிவிடும். அக்கா வாரம் ஒரு முறை அந்தச் சக்கரத்தைக் கழற்றி ஸ்பிரிட்டில் துடைப்பார்கள். மினுமினுப்பு ஏறியிருந்தால் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தை எடுத்து, குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல் லேசாக ஒரு தடவு தடவுவார்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் ரப்பர் தேய்ந்துபோகும், இதுதான் பதம் என்பார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும்.

வேகம் சரியா என்று பார்க்க ஒரு வட்ட அட்டை உண்டு. ஓரம் முழுக்கக் கறுப்புக் கோடு போட்டிருக்கும். அதை ரிக்கார்டின் நடுவில் வைத்துக் குழல்விளக்கு வெளிச்சத்தில் சுற்றவிட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் நின்றதுபோலத் தெரியும். வேகம் கூடினால் கோடு முன்னால் நகரும். குறைந்தால் பின்னால் நகரும். அத்தான் காலத்து அட்டை கிழிந்துபோனபோது, அதைப் பார்த்து எங்கள் அச்சாபீசில் புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்தேன். நான் கட்டிங் மிஷினில் வேலை பார்ப்பவன். வட்டமாக வெட்டிக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தேன். என் உழைப்பில் அவர்களுக்குச் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

கோயில் கொடை, காதுகுத்து, சடங்கு எதுவானாலும் சாத்தூர் வட்டாரத்தில் அக்கா செட்டைத்தான் தேடி வருவார்கள். டேப் ரிக்கார்டர் வந்தது, சி.டி. வந்தது. அப்போதும், “அந்தம்மா செட்டுல பாட்டு இழுக்காதுய்யா” என்று பேர் இருந்தது. அந்தப் பேர்தான் அவர்களுக்குச் சோறு போட்டது.

இனி என் மகள் கல்யாணம்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. காலண்டர் சீசன் முடிந்த கையோடு தை மாதம் முகூர்த்தம் வைத்தோம். சாத்தூரில் ஒரு சமுதாயக் கூடம். மேளம் வைக்க எனக்குத் தோதுப்படவில்லை. அக்கா, “நான் இருக்கையில மேளம் எதுக்கு? என்கிட்ட நாதஸ்வர ரிக்கார்டு இருக்கு. கெட்டிமேளம் அதுல வெங்கலமாக் கேக்கும்,” என்றார்கள். கணவரை இழந்தவர் என்பதால் மேடைப் பக்கம் வர மாட்டேன் என்று தானே சொல்லி, கூடத்தின் ஓரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் செட்டை வைத்துக்கொண்டார்கள்.

அன்று விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. வாடகைக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் கொண்டுவந்தோம். அக்கா ரிக்கார்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் சொருகிவிட்டு, அத்தானின் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினார்கள். மூன்று நிமிடத்துக்குச் சரியாக நூறு சுற்று வர வேண்டும். ஜெனரேட்டர்காரரிடம், “கொஞ்சம் கூட்டுங்கய்யா, போதும், ஒரு பொட்டு குறைங்க” என்று சொல்லிச் சொல்லி நூறுக்குக் கொண்டுவந்தார்கள்.

“யக்கா, நான் குடுத்த அட்டைதான் ரிக்கார்டு மேல கெடக்குல்லா? பெறகு எதுக்கு எண்ணிக்கிட்டு?” என்று கேட்டேன்.

“இது வேற கரண்டு தம்பி. இதுல அட்டை சொல்றதைக் கேக்க முடியாது,” என்றார்கள். எனக்குப் புரியவில்லை. கல்யாண அவசரத்தில் புரிந்துகொள்ள நிற்கவும் இல்லை. பின்னால் கூப்பிட்டு ஒன்று சொன்னார்கள்: “ஏலே, இந்த இன்ஜின் நோஞ்சான். குழல்விளக்கும் என் செட்டும் மட்டுந்தான் தாங்கும். தாலி கட்டி முடியிற வரைக்கும் வேற எதையும் இதுல மாட்டிராத.”

சரி என்றேன். இது என் காதால் கேட்டு, என் வாயால் சரி என்று சொன்னது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு கம்பெனியில் வயர்மேன். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். முகூர்த்த நேரம் நெருங்கியபோது மேடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“சம்பந்தி, வீடியோக்காரரு பெரிய லைட்டைப் போடாம நிக்காரே, ஏன்? பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சியே தெரியல. நாளைக்குப் போட்டுப் பாத்தா ரெண்டு கரிச்சட்டி மாலை மாத்துற மாதிரியில்ல இருக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். வீடியோக்காரர், “ஜெனரேட்டர்ல போட வேண்டாம்னு அந்தம்மா சொன்னாங்க,” என்றார்.

“கல்யாணம் அந்தம்மாவுக்கா, எங்க வீட்டுப் பையனுக்கா?” என்றார் தாய்மாமன்.

மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணக்கூடாது என்பது மட்டுந்தான் அப்போது என் மனதில் இருந்தது. வீடியோ லைட்டின் ஒயரை எடுத்து, மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஜெனரேட்டர் சுவிட்சுப் பலகையில் நானே மாட்டினேன். யாரும் என் கையைப் பிடித்து மாட்டவைக்கவில்லை.

ஐயர் கையை உயர்த்தினார். “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் எழுந்தது. லைட் எரிந்து மேடை பளிச்சென்று ஆனது. அதே நேரம் நாதஸ்வரம் கீழே இறங்கியது. மேளம் ஒவ்வொரு அடியாக, கால் வலிக்கிறவர் படி இறங்குவதுபோல் விழுந்தது. கேட்டவர்களுக்குத் தெரியும். எழவு வீட்டில் கேட்கும் கொட்டு போலவே இருந்தது. அட்சதை தூவ எடுத்த கைகள் அப்படியே நின்றன. மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டார். என் மகள் தலை குனிந்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

மூன்றாவது முடிச்சு விழுந்ததும் வீடியோக்காரர் லைட்டை அணைத்தார். நாதஸ்வரம் மெல்ல ஏறிப் பழைய நிலைக்கு வந்தது.

தாய்மாமன் மேடையிலிருந்து இறங்கித் தூணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார், பின்னாலேயே நானும் வந்தேன். “என்ன சம்பந்தி, கெட்டிமேளம் கேட்டா எழவுக் கொட்டு கொட்டுதீக?” என்று என்னைக் கேட்டார். அவருடைய அண்ணன் மகன் முதலிலிருந்தே தூணுக்கு அருகில் உட்கார்ந்து, சுற்றும் அட்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர். “மிசின்ல ஒண்ணும் ஆகல சித்தப்பா. நான் அப்போ இருந்து பாக்கேன். கோடு அசையவே இல்ல,” என்றார்.

தாய்மாமன் குனிந்து பார்த்தார். கோடுகள் நின்றுகொண்டிருந்தன. வயர்மேன் ஆனதால் அவருக்கு அந்த அட்டையின் விவரம் தெரியும். “கோடு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. மிசின்ல பழுதில்ல. பெறகு பாட்டு எப்படி இழுக்கும்? தட்டுல வெரலை வச்சாத்தான் இழுக்கும்,” என்றார்.

கூட்டத்தில் ஒரு பெண் குரல், “தனக்கு நெலைக்காதது அடுத்தவளுக்கு மட்டும் எதுக்குன்னு நெனைச்சிருக்கும்,” என்றது. யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

அக்கா அட்டையை ஒரு முறை பார்த்தார்கள். மேடைப் பக்கம், அணைந்துபோன லைட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அப்புறம் தாய்மாமனிடம், “வெரலு பட்டுருச்சுய்யா. வயசாச்சு, கை நடுங்குது. மன்னிச்சிருங்க,” என்றார்கள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அவர்கள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வெட்கப்படுவது இதைத்தான். லைட்டை மாட்டியதும் பாட்டு இறங்கியது எனக்கும் கேட்டது. நம்மால்தான் ஆனதோ என்று நினைத்தேன். கோடு நின்றது என்று அவர்கள் சொன்னதும், அக்காவே விரல் பட்டது என்று சொன்னதும், அப்பாடா என்று இருந்தது. நம்மால் இல்லை, அக்கா கைதான் என்று நம்பினேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. இரண்டு வருடம் நம்பினேன்.

அதற்குப் பிறகு கல்யாணங்களுக்கு அக்கா செட்டை யாரும் கூப்பிடவில்லை. “அந்தம்மா செட்டுல பாட்டு இழுக்காது” என்று சொன்ன அதே ஊர், “அந்தம்மா வேணும்னே இழுக்கும்” என்று சொன்னது. சடங்கு வீட்டுக்குச் சொல்லியிருந்த ஒருவர், முன்தினம் ஆள் அனுப்பி வேண்டாம் என்றார். அக்கா வீட்டில் இருந்தபடியே தீப்பெட்டி ஒட்டக் கட்டு வாங்க ஆரம்பித்தார்கள். கோயில்காரர்கள் மட்டும் கைவிடவில்லை.

என் மகள் புகுந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மாடு செத்தாலும் அந்தக் கெட்டிமேளம் பேச்சில் வரும். அவளும் அத்தையோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து, பங்குனிப் பொங்கலுக்கு நாரணாபுரத்தில் ஒரு கோயிலில் அக்கா செட் போட்டிருந்தார்கள். அந்த ஊரில் எனக்கு ஒரு வேலை இருந்தது. முடித்துவிட்டுச் சாமி கும்பிடப் போனேன். சாயங்காலம், இருட்டுவதற்கு முன். ஜெனரேட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். குழல்விளக்கின் கீழே என் அட்டை சுற்றிக்கொண்டிருந்தது. கோடுகள் நின்றிருந்தன.

கமிட்டிக்காரர்கள் கோபுரத்தில் கட்டியிருந்த சீரியல் பல்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டார்கள். ஜெனரேட்டர் முக்கியது. அம்மன் பாட்டு சட்டென்று இறங்கி இழுத்தது. அக்காவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. நான் அட்டையைப் பார்த்தேன். கோடு அசையவில்லை. பாட்டு இழுக்கிறது, கோடு நிற்கிறது.

“யக்கா, கோடு நிக்குதே!” என்றேன்.

“நிக்கத்தான் செய்யும்,” என்றார்கள். கமிட்டிக்காரரைப் பார்த்து, “ஏய்யா, பாதிப் பல்பை அமத்துங்க, அம்மனுக்குத் தொண்டை கட்டிருச்சு!” என்று சத்தம் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்கள். குழல்விளக்கு நம் கண்ணுக்கு ஒரே சீராக எரிவதுபோல் தெரிந்தாலும், கரண்டின் துடிப்புக்குத் தக்கபடி விட்டுவிட்டுத்தான் எரிகிறதாம். மோட்டாரும் அதே துடிப்பில்தான் சுற்றுகிறதாம். ஜெனரேட்டர் சோர்ந்தால் துடிப்பு குறையும். தட்டும் மெதுவாகும், விளக்கின் துடிப்பும் மெதுவாகும். இரண்டும் சேர்ந்தே குறைவதால் கோடு நின்றபடியே நிற்கும். வீட்டுக் கரண்டில் துடிப்பு ஒரே சீர். அங்கே அட்டையை நம்பலாம். ஜெனரேட்டரில் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும்.

“அப்ப தட்டுல வெரலை வச்சிருந்தா?”

“வச்சுப் பாரு,” என்றார்கள்.

தட்டின் ஓரத்தில் விரலை லேசாக வைத்தேன். பாட்டு இழுத்தது. கோடுகள் பின்னால் ஓடின.

இதைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மகள் கல்யாணத்தில் பாட்டு இழுத்தபோது கோடு நின்றது. அக்கா விரலை வைத்திருந்தால் கோடு ஓடியிருக்கும். கோடு அசையவே இல்லை என்று சாட்சி சொல்லித்தான் அக்காவைக் குற்றவாளி ஆக்கினோம். அக்கா தட்டைத் தொடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

“அப்ப அன்னைக்கே உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“லைட்டு எரிஞ்ச ஒடனே தெரியும்லே. அட்டையப் பாத்தேன், நின்னுச்சு. சரி, எவனோ இன்ஜின்ல பாரத்தை ஏத்திட்டான்னு நிமிந்து பாத்தா, பலகைக்குப் பக்கத்துல நீ நிக்க.”

“பெறகு ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்லச் சொல்லுத? கரண்டு இறங்கிருச்சும்பேன். யாரு இறக்குனான்னு கேப்பாக. பொண்ணோட அப்பன்னு சொல்லவா? ஓம் மக அந்த வீட்டுல காலை எடுத்து வைக்கதுக்கு முன்னாடியே, தாலி கட்டுற நேரத்துல அவ அப்பனே கெடுத்தான்னு பேராயிரும். சாகுற வரைக்கும் அவதானே கேக்கணும்? என்னையச் சொன்னா என்ன? நான் எந்த வீட்டுக்கு வாழப் போறேன்?”

“மாட்டச் சொன்னது அவுக தாய்மாமன்தானே, யக்கா?”

“சொன்னது அவரு. மாட்டுனது நீ. கல்யாண வீட்டுல பொண்ணு வீட்டுக்காரன் சொல்லு எடுபடுமா? போ, போயிப் பொங்கச் சோறு வாங்கிட்டு வா.”

நாளைக்கே போய் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஓம் மக முழுகாம இருக்கா. இப்பப் போயி எதையாவது கிளப்புனே, ஒன் முகத்துலயே முழிக்க மாட்டேன்,” என்றார்கள். அம்மன் சந்நிதியில் வைத்துச் சொன்னதால் நான் கட்டுப்பட்டேன். கட்டுப்பட்டேன் என்று எழுதுவது பாதி உண்மை. சொல்ல வேண்டாம் என்றதில் எனக்கும் வசதியாக இருந்தது.

வளைகாப்புக்கு அக்காவை அழைக்கவில்லை. மகள் வேண்டாம் என்றாள். அதை எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டு நின்றபோது அக்காவே கேட்டார்கள்: “வளைகாப்பு என்னைக்குன்னு மட்டும் சொல்லு. அன்னைக்குச் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டிக் கட்டு குடுக்க வராம இருந்துக்கிடுதேன்.”

பேரன் பிறந்தான். பெயர் வைத்தோம், காது குத்தினோம். எதற்கும் அக்கா வரவில்லை. ஊரில் யாரிடமும் ஒரு குறை சொல்லவில்லை. ரிக்கார்டு பிளேயரை மட்டும் வாரா வாரம் துடைத்து, மூன்று நிமிடத்துக்கு நூறு எண்ணி மூடி வைப்பார்கள். செட்டுக்கு ஆள் வராத மாதத்திலும் அது நிற்கவில்லை. “எதுக்குக்கா?” என்றால், “ஓடுற சாமான் ஓடணும்ல,” என்பார்கள்.

பிறகு வயிற்றில் கட்டி வந்தது. மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். சிவகாசியில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாற்பது நாள் இருந்தார்கள். கடைசி வாரத்தில் ஒரு நாள் என் மகள் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“புள்ள நல்லா ஓடுதானாத்தா?” என்று அக்கா கேட்டார்கள்.

“ஓடுதான் அத்தை.”

“பாத்துக்கோ. ரோட்டுப் பக்கம் விட்டுராத.”

அவ்வளவுதான் பேச்சு. நான் கட்டில் காலடியில் நின்றிருந்தேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கப் போனேன். அக்கா என்னைப் பார்த்து இல்லை என்பதுபோல் தலையை அசைத்தார்கள். அவர்கள் அசைத்திருக்காவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. மகள் கிளம்பிப் போனாள். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, வாயில் ஊற்றிய துளசித் தண்ணீர் இறங்காமல் நின்றது.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்குவதற்கு முன் இரண்டு பேரிடம் போய்ச் சொன்னேன்.

முதலில் மகளிடம். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “அன்னைக்கு உள்ள வந்து ஒரு வாய்த் தண்ணி குடுத்திருப்பேனேப்பா. அதைக்கூட என்னையச் செய்ய விடலியே நீங்க,” என்றாள். எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க. எங்க வீட்டுல என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள்.

பிறகு தாய்மாமனிடம். இப்போது வேலையிலிருந்து நின்று வீட்டில் இருக்கிறார். சொன்னேன். நம்பவில்லை. “கோடு நின்னா வேகம் சரின்னுதானே எனக்குச் சொல்லிக் குடுத்தாக?” என்றார். அக்காவின் பிளேயரை அவர் வீட்டுக்கே எடுத்துப் போனேன். அவரே ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து, குழல்விளக்கையும் பிளேயரையும் அதில் ஓடவிட்டு, அவரே ஒரு பெரிய லைட்டை மாட்டினார். பாட்டு இழுத்தது, கோடு நின்றது. விரலை வைத்தார். கோடு ஓடியது. மூன்று முறை செய்து பார்த்தார். பிறகு லைட்டை அணைத்துவிட்டு, “எம்புட்டுப் பெரிய பாவத்தைச் செஞ்சிருக்கோம்,” என்றார். “லைட்டைப் போடச் சொன்னது நான்னு எழுதுங்க சம்பந்தி. மறைக்காதீக.” அவர் சொன்னபடி எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் மேல் யாரும் கோபப்பட வேண்டாம். இன்ஜின் தாங்காது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். பிளேயர் நன்றாக ஓடுகிறது. ரப்பர் சக்கரத்தை அக்கா செய்ததுபோலவே பார்த்துக்கொள்கிறேன். தாய்மாமன் தானே வந்து செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்காவின் கடைசி நாற்பது நாளும் முகம் சுளிக்காமல் துணி மாற்றிக் குளிப்பாட்டிய என் மனைவிக்கும், எதிர் வீட்டுத் தங்கச்சிக்கும், மதுரைக்குப் போக வரக் கூப்பிட்ட நேரத்துக்கு வந்த ஆட்டோ ஓட்டும் தம்பிக்கும், கெட்ட பேர் வந்த பிறகும் செட்டுக்குச் சொல்லி அனுப்பிய கோயில் கமிட்டியார் அனைவருக்கும், இந்த மலரையும் முன்பு அடித்த மலரையும் காகிதம் முதல் கட்டுவரை தன் செலவில் செய்து கொடுத்த எங்கள் முதலாளி அவர்களுக்கும், நல்லது கெட்டது எல்லாவற்றிலும் கூட நின்ற சொந்தபந்தங்களுக்கும் கை கூப்பி நன்றி சொல்கிறேன். அம்மன் எல்லாரையும் காப்பாற்ற வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மலரை வாங்கிப் போகிறவர்கள் இதைப் படித்து, வர முடியாதவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். தம்பிக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று எனக்காக மாற்றாதீர்கள். எனக்குச் சொல்லியிருந்தார்கள், தெரிந்துதான் மாட்டினேன். அக்காவைத் தெய்வம் என்றும் ஆக்கிவிடாதீர்கள். அவர்கள் கோபக்காரர், அரை டம்ளர் காப்பி கொடுத்தவர். தட்டில் விரல் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போய் யார் யாரிடம் என் அக்காவைப் பற்றி அப்படிச் சொன்னீர்களோ, முதலில் அவர்களிடம் போய் இதைச் சொல்லுங்கள்.